ஓடைப் பாதையில் செத்துக் கிடந்த சாலமாண்டர்: யாரிடம் சொல்வது?

ரூர்க்காரன்:
ஜெர்மனியில ரூர் பகுதி எஸ்ஸன்ல இருக்கேன். நேத்து மழை விட்டதும் பையனோட தெற்குப் பக்கக் காட்டுல ஓடையோரமா நடந்தோம். பாதையில ஒரு ஃபயர் சாலமாண்டர், அதான் பல்லி உருவத்துல இருக்கற தவளைச் சொந்தம், செத்துக் கிடந்தது. மஞ்சள் திட்டு மேல சிகரெட்டால சுட்ட மாதிரி சின்னச் சின்னக் குழி, ஓரம் கறுப்பா இருக்கு. வண்டி ஏறின மாதிரியும் தெரியல, நாய் கடிச்ச மாதிரியும் தெரியல. பையன் தொட்டு வேற பார்த்துட்டான், வீட்ல பயப்படறாங்க. இது என்ன நோய்? யார்கிட்ட சொல்லணும்?

ஓடைக்கால்:
முதல்ல வீட்ல சொல்லுங்க, இது மனுஷனுக்கு ஒட்டாது. சாலமாண்டர் தோல்ல விஷம் உண்டு, கண்ணுல பட்டா எரியும். சோப்பு போட்டுக் கை கழுவினா போதும்.

குழியைப் பார்த்தா சாலமாண்டர் தோலை அரிச்சுக் கொல்ற பிசால் (Bsal) பூஞ்சை மாதிரிதான் இருக்கு, ஆனா லேப்ல பார்த்தாத்தான் உறுதி. நெதர்லாந்துல லிம்பர்க் பக்கம் புண்டர்பாஸ் காட்டுல 2010 வாக்குல சாலமாண்டர்கள் மளமளன்னு குறைய ஆரம்பிச்சது. 2013ல கெண்ட் பல்கலைக்கழகத்து ஆன் மார்ட்டெல் குழு இந்தப் பூஞ்சைக்குப் பேர் வெக்கறதுக்குள்ள அங்கே நூத்துக்கு நாலுதான் மிச்சம். ஆசியாவுல இருந்து வளர்ப்புக்கு வாங்கின நியூட்களோட (தண்ணியில அதிகம் வாழற சாலமாண்டர் வகை) வந்து சேர்ந்ததுன்னுதான் கணிப்பு. ஐஃபெல் மலைப்பகுதியைத் தாண்டி உங்க ரூர் பக்கமும் வந்தாச்சு.

முதுகுப் புள்ளி தெளிவாத் தெரியற மாதிரி படமும், இடத்தோட மேப் புள்ளியும் ஊர் உன்டெரெ நாட்டூர்ஷுட்ஸ்பெஹோர்டேக்கு (உள்ளூர் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம்) அனுப்புங்க. முதுகுப் புள்ளி ஒவ்வொரு சாலமாண்டருக்கும் வேற வேற மாதிரி இருக்கும். ஏற்கெனவே கணக்குல இருக்கறதா இருந்தா அடையாளம் தெரியும். உடம்பை அவங்க கேட்டாத்தான் எடுக்கணும்.

எனக்கு ஆத்திரமா வர்றது பூட்ஸ் விஷயத்துலதான். காலையில ஒரு ஓடை, மத்தியானம் இன்னொரு ஓடைன்னு அதே சேத்தோட அலையறாங்க, இயற்கைப் பிரியர்கள்னு பேரு! அடியில இருக்கற சேத்தை அங்கேயே பிரஷ் போட்டு எடுங்க. வீட்ல வந்து விர்கான் எஸ்ங்கற கிருமிநாசினிக் கரைசல்ல கழுவி, நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் அடுத்த காடு. அந்தத் தண்ணியை ஓடையில ஊத்திடாதீங்க.

கோவைக்குமரன்:
25 டிகிரியில வெச்சா பூஞ்சை செத்துடுமாமே? உயிரோட இருக்கறதைப் பிடிச்சு வீட்டுத் தொட்டியில கொஞ்ச நாள் வெச்சுட்டு விட்டுட வேண்டியதுதானே?

ஓடைக்கால்:
பத்து நாள் அந்தச் சூட்டுல வெச்சா குணமாகறது உண்மைதான். ஆனா பிடிக்கறதே சட்டப்படி குத்தம். அதை விட்டாலும், ஒரு தடவை பிழைச்சா எதிர்ப்புச் சக்தி வரும்னு நினைக்காதீங்க, ஃபயர் சாலமாண்டருக்கு அது வர்றதில்ல. திரும்ப விட்டா அதே காட்டுல மறுபடி தொத்தும். ஆல்பைன் நியூட் லேசான தொத்தோட சாகாமலே தாங்கி, சுமந்துக்கிட்டுத் திரியுது. மண்ணுலயும் பூஞ்சையோட வித்து கிடக்கும். புண்டர்பாஸ்ல மிஞ்சினதைப் பிடிச்சு வளர்க்கற வேலையை டச்சுக்காரங்க கெர்க்ராட்ல இருக்கற கையா மிருகக்காட்சிசாலையில செய்யறாங்க. அது அவங்க வேலை, நம்ம பால்கனி வேலை இல்ல.

ரூர்க்காரன்:
படம் அனுப்பிட்டேன், நன்றி. சைக்கிள் டயருக்கும் இதே கழுவல்தானா?

ஓடைக்கால்:
ஆமா. நாயைக் கூட்டிட்டுப் போனா அதோட பாதத்தையும் கழுவுங்க. அதுக்கு விர்கான் வேண்டாம், பச்சைத் தண்ணியில கழுவித் துவட்டினா போதும்.