வாட்டர் வாஷுக்குப் பிறகு புது மவுண்டன் பைக்கின் பின் பிரேக் கத்துகிறது

கேள்வி: புது பைக் (சைக்கிள்), 9 ஸ்பீடு, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். சேறு போக பிரஷர் தண்ணீர் அடித்து, செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் போட்டேன். இப்போது பின் பிரேக் கத்துகிறது, பிடிப்பும் இல்லை. கியர் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கைத் துடையுங்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடைக் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். எண்ணெய் ஊறிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிறகு பேடும் டிஸ்க்கும் நன்றாகப் படிய, நல்ல வேகத்திலிருந்து நடை வேகம் வரை, முழுதாக நிற்காமல், 20 முறை பிரேக் பிடியுங்கள். பேடோ சக்கரமோ கழன்றிருக்கும்போது மட்டும் லீவரை அழுத்தவே கூடாது, பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

பதில் 2: பிரஷர் தண்ணீரை இத்தோடு விட்டுவிடுங்கள் நண்பரே. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சு பேரிங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, பிரஷ் போதும். செயின் நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு எண்ணெய்; பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். மேலே தங்கும் எண்ணெயில் மண் ஒட்டி, பல்லை அரைத்துவிடும்.

பதில் 3: கியர் தயக்கம் கழுவியதால் வந்ததாக இருக்காது. புது பைக்கில் கேபிள் உறை அமர்ந்து கம்பி தளரும். பின் டிரெய்லியரில் (செயினைப் பல் மாற்றும் கருவி) கேபிள் நுழையும் திருகை, பின்னால் நின்று பார்த்தபடி, எதிர்க்கடிகாரத் திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். லிமிட் ஸ்க்ரூவில் (டிரெய்லியர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும் திருகு) கை வைக்காதீர்கள்.