மறு: ‘அகக் குடும்பம்’ – உள்ளே இருப்பவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. உளவள ஆலோசகர் பயிற்சிக்கான 12 பக்கங்களில் மூன்று சொற்கள்தாம் இன்னும் நிற்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் சுவார்ட்ஸ் அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர். 1980களில், அளவுமீறி உண்டு வாந்தியெடுக்கும் நோயால் அவதிப்பட்டவர்கள், தங்களுக்குள் ஒன்று தின்னச் சொல்வதாகவும் இன்னொன்று திட்டுவதாகவும் அவரிடம் சொன்னார்கள். அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டாரை உட்காரவைத்துப் பேசுவதுபோல உள்ளே இருப்பவர்களோடும் பேசுவதே, நாம் ‘அகக் குடும்பம்’ என்னும் அவர் முறை (Internal Family Systems). யாரையும் விரட்டுவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் ‘part’ என்கிறார்கள்.

> ‘உளக்கூறு’ என்பதே சரி. கூறு என்றால் பங்கு; கூறு என்றால் சொல். பேசுகிற பங்கு! ‘மனம்’ வடசொல், வேண்டாம்.

ஐயா, நயம் புரிகிறது. ‘பகுதி’யை விட இது மேல், அதைச் சொன்னால் பகுபத உறுப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் எதிரே அழுதுகொண்டிருப்பவர் ‘என் உளக்கூறு ஒன்று’ என்று பேசுவாரா? ‘ஒரு மனசு போகச் சொல்லுது, இன்னொரு மனசு தடுக்குது’ என்றுதான் சொல்வார். மனசை எண்ணிப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

நற்றிணை 284ஐ ஒருமுறை பாருங்கள். பொருள் தேடப் போனவனின் நெஞ்சு காதலியிடம் திரும்பச் சொல்கிறது. அறிவு, எடுத்த வினையை முடிக்காமல் போனால் இகழ்ச்சி என்கிறது. நடுவில் உடம்பு, இரண்டு களிறுகள் இழுக்கும் ‘தேய்புரிப் பழங்கயிறு’. அந்த உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது. குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் முதல் குறளே நெஞ்சிடம் மருந்து கேட்கிறது. சரி, அச்சுக்கு இதெல்லாம் உதவாது. ஆனால் இந்த முறை நமக்கு அந்நியமில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

> ‘புலம்பெயர்ந்தோர்’ வேண்டாம். நாங்கள் உயிரைக் காக்க வெளிக்கிட்டனாங்கள். அது வேறை.

அக்கா, நீங்கள் சொல்வதே சரி. அந்தச் சொல்லை எழுதியதற்கு வருந்துகிறேன். இங்கே ஆங்கிலத்தில் ‘exile’ என்று குறிப்பது, நமக்குள் பழைய காயத்தைச் சுமக்கும் குழந்தை போன்றவர்களை. அந்த வலி மேலே வராதபடி உள்ளே இருக்கும் மற்றவர்கள் அவர்களைப் பூட்டி வைக்கிறார்கள். ‘ஒதுக்கப்பட்டோர்’ என்றால் சாதி நினைவு வருகிறது. ‘அடைபட்டோர்’ என்று போடுகிறேன். வலி பொங்கிவிட்டால் குடித்தோ தின்றோ அணைக்க ஓடுபவர் ‘தீயணைப்பாளர்’. இதில் யாருக்கும் மறுப்பில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டுக்குள் வைப்பவருக்கு ‘மேலாளர்’ என்றால் அலுவலக வாடை அடிக்கிறது, ‘மேற்பார்ப்பவர்’ போதும்.

மிச்சம், நடுவில் நின்று எல்லாரையும் பரிவோடு கேட்கும் அந்த ஒன்று. ஆங்கிலத்தில் ‘Self’ என்று பெரிய எழுத்துப் போட்டுப் பிரித்துவிட்டார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. ‘ஆன்மா’ என்றால் பயிற்சிக்கு வருபவர்களில் பாதிப்பேர் சமயம் என்று நினைப்பார்கள். ‘தன்மை’ இலக்கணத்துக்கும் குணத்துக்கும் போய்விட்டது. ‘தான்’ எனக்குப் பிடிக்கிறது, ஆனால் ‘தான்தான்’ என்று வரும் இடத்தில் வாசிப்பவர் தடுக்கி விழுவார்.

பெரும்பான்மை கேட்டபடி சொல்லடைவில் ‘உளக்கூறு’ இருக்கும். உரையாடல் மாதிரிகளில் ‘ஒரு மனசு’ என்றே விடுகிறேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘தான்’ என்பதற்கு மாற்று இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.