நிறுவனம் தந்த ஃபைபர் கேட்வேக்குப் பதிலாகச் சொந்த ரவுட்டர்: எஸ்எஃப்பி போர்ட் இருந்தால் போதுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இணைய நிறுவனம் தந்துள்ள கேட்வே பெட்டியில் டிஎன்எஸ் முகவரியை மாற்ற இயலவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் பக்கமும் பூட்டப்பட்டிருக்கிறது. அதை அடியோடு எடுத்துவிட்டு, சுவரிலிருந்து வரும் ஃபைபரை நேரடியாக என் ரவுட்டரில் உள்ள எஸ்எஃப்பி போர்ட்டில் (ஃபைபர் மாட்யூலைச் செருகும் துளை) இணைக்க விரும்புகிறேன். அதற்குரிய ஒரு மாட்யூலை வாங்கினால் போதுமா?

பதில் 1

சாதாரண எஸ்எஃப்பி மாட்யூல் போதாது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறையைச் சேர்ந்தது. அதில் ஒரே இழை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பல வீடுகளுக்குப் பிரிவதால், ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் மட்டுமே மேல்நோக்கி ஒளியை அனுப்ப வேண்டும். நேரம் தவறி ஒளிரும் கருவி அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்பையும் சேர்த்துக் குலைத்துவிடும் என்பதால், இதை விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்வேக்குள் ஒளியைப் பெற்று அனுப்பும் ஓஎன்டி எனப்படும் பகுதியை, நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள ஓஎல்டி என்னும் கருவி அதன் வரிசை எண்ணைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. சில இடங்களில் கடவுச்சொல்லும் உண்டு. ஆகவே கேட்வேயை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். அப்போது அந்தப் பெட்டி ஒளியை ஈதர்நெட்டாக மாற்றுவதோடு நின்றுவிடும். மற்ற அனைத்தும் உங்கள் ரவுட்டரின் பொறுப்பாகும். இணையத் தரவைத் தனியாகப் பிரித்துக் காட்டும் விலான் எண்ணையும், இணைப்பு பிபிபிஓஇ என்னும் உள்நுழைவு முறை என்றால் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 பைட் அல்ல, 1492 ஆகும். இதைக் கவனிக்காமல் விட்டால் சில தளங்கள் உடனே திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். காரணம் எளிதில் பிடிபடாது.

கேள்வி கேட்டவர்

விளக்கத்துக்கு மிக்க நன்றி. அந்தப் பெட்டியில்தான் தொலைபேசியும் இணைந்திருக்கிறது. பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் அது நின்றுவிடுமா?

பதில் 2

பல நிறுவனங்கள் குரல் சேவைக்குத் தனி விலான் ஒதுக்கியிருக்கும். அந்த அமைப்பில் இணையப் பகுதியை மட்டும் பிரிட்ஜ் செய்தால் தொலைபேசி வழக்கம்போல் இயங்கும். மாற்றித் தருபவரிடம் இதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டியையே எடுத்துவிட்டால் எஸ்ஐபி (இணையவழித் தொலைபேசி) கணக்கு விவரங்கள் தேவைப்படும். அவற்றை நிறுவனங்கள் எளிதில் தருவதில்லை.

பதில் 3

ஓஎன்டியை உள்ளடக்கிய எஸ்எஃப்பி ஸ்டிக்கை நான் பயன்படுத்துகிறேன். எங்கள் நிறுவனம் வாடிக்கையாளரின் கருவியைப் பதிவுசெய்துகொள்வதால் அது இயன்றது. ஸ்டிக் நன்றாகச் சூடாகும், காற்றோட்டம் அவசியம். இணைப்பியின் நிறத்தையும் பாருங்கள். பச்சை நிற ஏபிசி இணைப்பியின் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அதை நீல நிற யுபிசியோடு இணைத்தால் ஒளி இழப்பு கூடும். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இணைப்பு அறுந்தால் அதை மாட்டி, ஒளி வரவில்லை என்பதைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தாலே, பழுது இழையிலா நம் கருவியிலா என்பது தெரிந்துவிடும்.