மறு: வரைபடத்தில் ஒட்டிய எக்செல் அட்டவணைக்கு என்ன பெயர்?

> 'உட்பொதித்த பொருள்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, ஆட்டோகேட் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) வரைபடத்துக்குள் ஒட்டிய எக்செல் அட்டவணையைக் கையேட்டில் ஒரு தடவை குறிக்க அது போதும். வேலை நடக்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். கம்பி வளைப்புப் பட்டியலை (கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிகளை எப்படி வெட்டி வளைப்பது என்ற கணக்கை) எக்செலில் போட்டு அனுப்புகிறவர்கள் கோவையில். போனில் பேச்சு முழுக்கத் தமிழ்தான். அச்சில் ஏதாவது கோளாறு என்றால் நாங்கள் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி: இந்த அட்டவணையின் கோடுகள் யாருடையவை, எக்செலுடையவையா, ஆட்டோகேடுடையவையா?

அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அவை எக்செலுடையவை. ப்ளாட் ஸ்டைலில் (கோடுகள் எந்த நிறத்தில், எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்ற அமைப்பில்) எல்லாவற்றையும் கறுப்பாக்கச் சொல்லியிருந்தாலும் நீலத் தலைப்பு நீலமாகவே அச்சாகும். எழுத்து மங்கினால் ஆட்டோகேடில் ஓஎல்இகுவாலிட்டி என்ற அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வேண்டாத சட்டம் விழுந்தால் ஓஎல்இஃப்ரேம் என்ற அமைப்பை 2 ஆக்க வேண்டும், அப்போது சட்டம் திரையில் மட்டும் இருக்கும், தாளில் வராது. பட்டியல் நீளமானால் அடிவரிசைகள் வெட்டுப்படுவதும் உண்டு. இன்னொரு கூத்து: தென்னாப்பிரிக்க விண்டோஸ் அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி. கோவையில் 2.45 டன் என்று இருந்த எடை, இங்கே இரட்டைச் சொடுக்கில் திறந்ததும் 2,45 ஆகிவிடும். சைட்டில் அதை யார் எப்படிப் படிப்பார்களோ!

பேஸ்ட் ஸ்பெஷலில் போய், பேஸ்ட் லிங்க்கைத் தொட்டு, 'ஆட்டோகேட் எண்டிட்டீஸ்' என்பதைத் தேர்ந்தால் கதையே வேறு. கோடும் எழுத்தும் வரைபடத்தின் சொந்தச் சரக்காகிவிடும். மற்ற கோடுகளுக்கு எந்தப் பேனாவோ அதே பேனாதான் இதற்கும். ஆட்டோகேடில் அட்டவணை வந்தது 2005 பதிப்பில். எக்செலோடு தொடுப்பு வந்தது 2008 பதிப்பில். ஆக இந்த வேறுபாடு புதிதல்ல, தமிழில்தான் அதற்குப் பெயர் இல்லை.

முதலாவதற்கு, அதாவது எக்செலின் கோடுகளோடே நிற்பதற்கு, 'ஒட்டு அட்டவணை' என்கிறேன். சேர்த்து எழுதி 'ஒட்டட்டவணை' ஆக்க வேண்டாம், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒட்டு மாங்கன்று மாதிரி, அடிமரம் ஒன்று, காய்ப்பது வேறு, பொருளும் ஒத்துவருகிறது.

> இரண்டாவதற்கு 'வரைவு அட்டவணை'?

வேண்டாம் அம்மா. வரைவு என்றால் இன்னும் முடிவாகாதது என்றுதான் படிப்பார்கள். வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்று பழகிவிட்டது. முடிவான வரைபடத்தில் அந்தச் சொல் இருந்தால் கம்பி வெட்டுகிறவர் வேலையை நிறுத்திவிடுவார். 'வரை அட்டவணை'யில் வரை எது வரை என்று தொங்கும்.

'கோட்டு அட்டவணை' என்று வைக்கலாமா? ஒட்டு, கோட்டு என்று ஜோடியாக நினைவில் நிற்கும். கோட்டு என்றதும் கோட்டுசூட்டு ஞாபகம் வருகிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். கோட்டோவியத்தைப் பார்த்து யாருக்கும் சட்டை ஞாபகம் வரவில்லையே.

அட்டவணையை எக்செல் கோப்போடு இணைத்துவைக்கும் டேட்டா லிங்க்குக்குத் 'தரவுத் தொடுப்பு' சரி. ஆனால் தொடுப்பை எடுத்துவிட்டாலும் அட்டவணை கடைசி எண்களோடு அப்படியே நிற்கும். அந்தச் செயலுக்கு 'நீக்கு' என்றால் அட்டவணையே போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். 'கழற்று' எனக்குச் சம்மதம். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.