கொழும்பில கடல் பக்கமா நல்ல சாப்பாட்டுக்கடை, பார் சொல்லுங்கோ

வணக்கம் எல்லாருக்கும். வருஷா வருஷம் லீவுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குத்தான் வாறனான், ஆனா சாப்பிடுற இடம் மாறினதே இல்ல, வெள்ளவத்தையில கொத்து ரொட்டி, காலிமுகத்திடல்ல இறால் வடை. அந்த வடைக்கு மேல இறால் முழுசா ஒட்டிக்கிடக்கும், வெங்காயமும் உறைப்புச் சாஸும் போட்டுச் சுடச்சுடத் தருவினம், கடல்காத்தில நிண்டு திண்டா தனிச் சந்தோசம்.

இந்தமுறை கலியாணம் கட்டி முதல்தரம் மனுசியோட வாறன், அவவுக்குப் புது இடங்கள் காட்ட சரியான ஆசை. கோட்டையில அந்த ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்க இருக்கிற கடைகளில எது நல்லம்? கல்கிசைப் பக்கம் பொழுதுபடேக்க மணல்லயே இருந்து ஒரு பியரும் பொரிச்ச கணவாயும் எடுக்கிற மாதிரி, குடும்பமா போனாலும் கரைச்சல் இல்லாத இடம் தெரிஞ்சா கட்டாயம் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கு 10,000 ரூபாக்குள்ள முடியோணும். போயாவுக்கு, அதான் பௌர்ணமி லீவு நாளுக்கு, பார் பூட்டு எண்டதால அந்த நாளை விட்டுத்தான் டிக்கெட் போட்டிருக்கிறன்.