என் பதிவில் இருந்த பெண்கடலை எடுத்தது யார்?

பாம்பன் வத்தை:
போன வாரம் 1964 தனுஷ்கோடிப் புயலைப் பற்றி என் அப்பா சொன்னதை இங்கே எழுதியிருந்தேன். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. நான் எழுதிய வரி: "டிசம்பர் 22 ராத்திரி பெண்கடல் எழும்பி வந்து ஆண்கடலோடு சேர்ந்துவிட்டது." நேற்று என் மகள் தாத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டினாள். திரையில் இருந்த வரி: "டிசம்பர் 22 இரவு வங்காள விரிகுடா கொந்தளித்து இந்தியப் பெருங்கடலுடன் இணைந்தது." அப்பா கேட்டார், "நான் எப்ப தாயி இந்தியப் பெருங்கடலைப் பார்த்தேன்?"

மேலே என் பெயர் இருக்கிறது, என் படம் இருக்கிறது. கீழே ஒருவர், "பாம்பன்காரருக்கு வீட்டு வாசலில் இருக்கிற கடலின் பெயர் தெரியவில்லை" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். யார் மாற்றியது? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

நெறியாளர் 2:
நான்தான் அண்ணே. கெட்ட எண்ணம் இல்லை. பதிவு நன்றாக இருந்தது, நிறையப் பேர் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். இங்கே பாதி வாசகர்கள் சென்னை, துபாய். பெண்கடல், ஆண்கடல் என்றால் அவர்களுக்கு என்ன புரியும்? தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வேன்காரர்கள் எல்லோரும் "இந்தப் பக்கம் வங்கக்கடல், அந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல்" என்றுதான் சொல்கிறார்கள். அதையே போட்டேன். எழுத்துப்பிழைகளும் நிறைய இருந்தன, சரி செய்தேன். திருத்துவது நெறியாளர் வேலையில் சேர்ந்ததுதானே?

பாசிக்காரி:
தம்பி, வேன்காரர் சுற்றுலா வந்தவர்களுக்குச் சொல்வதை வைத்து எங்களைத் திருத்தினால் எப்படி? வடக்கே இருக்கிற பெண்கடல் பாக் விரிகுடா, தெற்கே இருக்கிற ஆண்கடல் மன்னார் வளைகுடா. நீங்கள் போட்டது வரைபடப்படியும் சரியில்லை. சரியாக இருந்ததை எடுத்துவிட்டுத் தப்பைப் போட்டிருக்கிறீர்கள், அதுவும் அவர் பெயரில்.

அது போகட்டும். பெண்கடல் என்பது வெறும் செல்லப்பெயர் இல்லை. வடகடல் அலை அடங்கிக் கிடக்கும், தென்கடல் முரடு. அதனால் அந்தப் பெயர். ஆனால் ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்துவிட்டால் கதை மாறிவிடும். வடகடல் எழும்பும், தென்கடல் சமர்த்தாகிவிடும். ஆடிக்காற்றில் மறுபடியும் தலைகீழ். அந்தப் பெரியவர் "பெண்கடல் எழும்பி வந்தது" என்றாரே, மார்கழி வாடையும் சாதுவான கடல் முரடாகிப் போனதும் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. வங்காள விரிகுடா கொந்தளித்தது என்றால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேறு ஓர் இடத்தில், "பாசி எடுக்கப் போனோம்" என்று எழுதினேன். ஒரு மகராசன் அதைக் "கடற்பாசி வளர்ப்பில் ஈடுபட்டோம்" என்று அழகுபடுத்திவிட்டார். வளர்ப்பது வேறு, எடுப்பது வேறு. தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுக்கிறவளுக்கும் வனத்துறைக்கும் 1986இல் அந்தத் தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்தே தகராறு. மிதவை கட்டி வளர்க்கிறவருக்கு அந்தத் தகராறு இல்லை. ஒரே சொல்லில் என் பிழைப்பையே மாற்றிவிட்டார். "உனக்கென்ன, மானியம் வருமே" என்று கீழே நாலு பேர்.

தொண்டிக்காரன்:
எல்லோரும் நெறியாளர் மேல் பாயாதீர்கள். பெண்கடல் விஷயத்தில் அவர் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக யாரும் எதையும் தொடக்கூடாது என்பதா? ஏப்ரலில் ஒருவர், "மீன்பிடித் தடைக்காலம் மே 29 வரை" என்று போட்டார். அது பழைய 45 நாள் கணக்கு. 2017லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. இதே நெறியாளர்தான் தேதியைத் திருத்தினார். விட்டிருந்தால்?

பாசிக்காரி:
விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மீன்வளத்துறை டோக்கன் இல்லாமல் ராமேசுவரத்தில் எந்த விசைப்படகு கிளம்புகிறது?

தொண்டிக்காரன்:
படகு கிளம்பாது அக்கா. ஐஸ் ஏற்றுகிறவர், லாரி பேசி வைக்கிறவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிற கூலியாள் இவர்களெல்லாம் தேதியைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். கீழே மறுமொழியில் சொன்னால் போதாதா என்பீர்கள். மறுமொழி வரைக்கும் யார் இறங்கி வருகிறார்கள்? முதல் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் தள்ளிவிடுகிறார்கள். திருத்தம் இங்கேயே கிடக்கும், தப்பு மட்டும் கடலூர் வரை போய்விடும்.

சேதுநாட்டான்:
வாட்ஸப் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே குழு அட்மின் அடுத்தவர் செய்தியை நீக்கலாம், திருத்த முடியாது. நீக்கினாலும் அட்மின் நீக்கினார் என்ற அடையாளம் நிற்கும். நம் செய்தியை நாமே திருத்துவதற்கும் 15 நிமிடம்தான், திருத்தியது என்ற குறிப்போடு. என் வாயை அடைத்தால் அடைத்தது ஊருக்குத் தெரியும். என் வாய்க்குள் வேறு சொல்லை வைத்தால் யாருக்கும் தெரியாது. இரண்டில் பின்னதுதான் மோசம்.

நம் சீமைக் கதை ஒன்றும் உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகை மோனை சரியில்லை என்று குறளையே திருத்தி அச்சிட்டாராம். பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் வைத்தாரே அவர்தான், இருந்த பிரதிகள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி எரித்துவிட்டார் என்று சொல்வார்கள்.

கீழக்கரை சம்மாட்டி:
ஆக, அடுத்தவர் எழுத்தில் கைவைக்காதே என்று சொல்ல அடுத்தவர் புத்தகத்தை எரித்திருக்கிறார். நல்ல உதாரணம்தான் சார்.

சேதுநாட்டான்:
காசு கொடுத்து வாங்கி எரித்தார் காக்கா. சரி, அதை விடுங்கள், உ.வே.சா.வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்கு ஏடு சொல் மாறினால் பாடபேதத்தை அடிக்குறிப்பில் கொடுத்தார். தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை.

கீழக்கரை சம்மாட்டி:
இதை ஒப்புக்கொள்கிறேன். நான் கணினி வேலையில் இருப்பவன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி பதில் தளத்தில் என் பதிலை யாரோ ஒருவர் திருத்துவார், எனக்குக் கோபமே வராது. திருத்தியவர் பெயர் கீழே நிற்கும், பழைய வடிவத்தை யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நான் திருப்பிவிடலாம். விக்கிப்பீடியாவில் கட்டுரை யாருக்கும் சொந்தமில்லை, வெட்டி ஒட்டலாம். அதே விக்கிப்பீடியாவில் உரையாடல் பக்கத்தில் ஒருவர் கையெழுத்திட்டுச் சொன்னதை இன்னொருவர் மாற்றுவது முறையில்லை.

தடைக்காலத் தேதி கட்டுரை மாதிரி, அப்பாவின் புயல் கையெழுத்திட்ட பேச்சு. நெறியாளர் தம்பி இரண்டையும் ஒரே கத்தியால் அரிந்துவிட்டார். இங்கே பழைய வடிவம் நெறியாளர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்பது அதைவிடப் பெரிய கோளாறு.

நெறியாளர் 2:
பெண்கடலுக்கு மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணே. அப்பாவிடமும் சொல்லுங்கள். இன்று முதல் யார் பதிவில் கைவைத்தாலும் கீழே என் பெயர், என்ன மாற்றினேன், ஏன் என்று ஒரு வரி இருக்கும். சொல்வழக்கைத் தொடமாட்டேன், புரியாத சொல்லுக்கு அடியில் பொருள் மட்டும் தருவேன்.

ஆனால் தேதி, புயல் கூண்டு எண், அப்புறம் போன் நம்பர், இவற்றில் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவரின் வீட்டு நம்பரை ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு இங்கே போட்டார். அவர் பதில் வரும் வரை காத்திருந்தால் விடியும் வரை அந்த வீட்டுக்கு போன் வந்துகொண்டே இருந்திருக்கும்.

பாசிக்காரி:
நம்பரை எடுத்ததற்கு யார் சண்டை போட்டார்கள்? தேதியை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பான தேதியை அடித்துக் கோடு போடுங்கள், பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் போகட்டும்.

தொண்டிக்காரன்:
கோடு போட்டதையும் வெட்டி எடுத்து அனுப்புவார்கள் அக்கா. உங்களுக்கு நம் ஊர்க்காரரைத் தெரியாதா?

பாம்பன் வத்தை:
இப்போது பார்த்தேன், பெண்கடல் திரும்பி வந்துவிட்டது. நன்றி தம்பி. மகள் மறுபடி வாசித்தாள், அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நாலாவது பத்தியையும் ஒருமுறை பாருங்கள். "விடிந்ததும் வத்தையில் மூன்று பேர் வந்தார்கள்" என்று எங்கள் ஊர்ப் படகைச் சொல்லி நான் எழுதியது இன்னும் "வாத்தில் மூன்று பேர்" என்றே இருக்கிறது.