அப்பா ரிப்போர்ட்ல குரோமோசோம் கோளாறுன்னு இருக்கு, தங்கச்சிக்கும் வருமா?

பாலாற்றங்கரை:
அப்பாவுக்குக் கழுத்துல நெறி கட்டுச்சு. வேலூர்ல பயாப்சி எடுத்தோம். மேன்டில் செல் லிம்போமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்), 11க்கும் 14க்கும் குரோமோசோம் இடமாற்றம்னு ரிப்போர்ட். தங்கச்சிக்கு ஆரணியில சம்பந்தம் பேசி முடிச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுல அந்தத் தாளைப் பார்த்துட்டு, வழிவழியா வருமான்னு கேக்கறாங்க.

ஆற்காட்டான்:
கேட்டதுல தப்பில்லையே. குரோமோசோம்னாலே பரம்பரைதான். எங்க உறவுல தலசீமியாங்கற ரத்த நோய் அப்படித்தான் வந்துச்சு.

காட்பாடி லேப்:
அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க சார். தலசீமியா பிறக்கும்போதே எல்லா செல்லுலயும் இருக்கும். இது எலும்பு மஜ்ஜையில ஒரே ஒரு பி செல்லுல, அதாவது ஒரு வெள்ளணுவுல நடந்த விபத்து. ஆன்டிபாடி செய்யறதுக்காக அந்த செல் 14ஆம் குரோமோசோமை வெட்டி ஒட்டும். அப்ப 11ல இருக்கற சிசிஎன்டி1 ஜீன் தவறிப் போய் அங்க ஒட்டிக்குது. அது ஓயாம வேலை நடக்கற இடம். சைக்ளின் டி1 புரதம் பெருகி, செல் பிரிஞ்சுகிட்டே போகும்.
நான் தினமும் ஸ்லைடு போடறவன். சைக்ளின் டி1 சாயம் ஏத்தினா புற்று செல்லோட உட்கரு காபித்தூள் நிறத்துல தெரியும். நடுவுல மாட்டின டி செல், அது வேற வகை வெள்ளணு, நீலமாவே நிக்கும். அதுவும் அவங்க அப்பா செல்தானே? பிறவியிலயே வந்திருந்தா அதுலயும் இந்த இடமாற்றம் இருக்கணுமே.

ஆற்காட்டான்:
லிம்போமா வந்தவங்க பிள்ளைங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு படிச்சேனே?

காட்பாடி லேப்:
உண்மைதான், மறுக்கல. ஆனா இந்த நோயே அபூர்வம், அதுல கொஞ்சம் கூடினாலும் சின்னதுதான். அந்த இடமாற்றம் பிள்ளைக்குப் போகாது. நல்லா இருக்கறவங்க சிலர் ரத்தத்துலயே இப்படி இடம் மாறின செல் இருக்கு, நோய் வரல. ஏடிஎம், டிபி53 மாதிரி வேற ஜீனும் கெடணும்.
அக்கா, கல்யாணத்தைவிட அப்பா விஷயம் அவசரம். கேஐ-67, அதாவது எத்தனை சதவீத புற்று செல் பிரிஞ்சுகிட்டு இருக்குங்கற கணக்கு, எவ்வளவு? 30 சதவீதம் தாண்டினா நோய் வேகமா ஓடும். டிபி53 பார்த்தாங்களா?

பாலாற்றங்கரை:
கேஐ-67 20. டிபி53ன்னு ஒரு வரிகூட இல்லையே தம்பி.

காட்பாடி லேப்:
டாக்டர்கிட்ட கேளுங்க அக்கா. அது கெட்டிருந்தா வழக்கமான கீமோ சரியா எடுபடாது. பயாப்சி திசுவைப் பதிச்சு வச்ச மெழுகுக் கட்டியில மிச்சமிருந்தா அதுலயே பார்க்கலாம்.

ஆற்காட்டான்:
நீங்க சொன்ன டி செல் விஷயம் புரியுது தம்பி. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு எதையும் மறைக்கக் கூடாதும்மா. நாளைக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணுதான் பேச்சு வாங்கும்.

பாலாற்றங்கரை:
மறைக்கல அண்ணா. ஞாயித்துக்கிழமை ஆரணி போறேன். ஒரு தாள்ல பழுப்பு செல்லும் நீல செல்லும் வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போறேன். நாளைக்குக் காலையில முதல்ல அப்பாவோட டாக்டரைப் பார்க்கணும்.